கட்டி முடித்த கடனுக்கு மறுபடி வசூல் ஆள் வந்தால்

"சார், உங்க லோன்ல 18,400 ரூபா பாக்கி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கட்டலைன்னா ஆள் வீட்டுக்கு வரும்." என்றைக்கோ கட்டி முடித்த கடனுக்கு இப்படி ஒரு போன் வந்தால், பெரும்பாலானவர்கள் போனிலேயே சண்டை போடுவார்கள், இல்லையென்றால் நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள். இரண்டுமே வேலைக்கு ஆகாது.

பேசுகிற ஆளிடம் வங்கியின் கணக்குப் புத்தகம் கிடையாது. வங்கியோ நிதி நிறுவனமோ வசூல் ஏஜென்சிக்கு ஒரு எக்செல் பட்டியல் அனுப்புகிறது. பெயர், போன் நம்பர், விலாசம், கடன் எண், பாக்கித் தொகை. அதில் நீங்கள் ஒரு வரி. வசூலானால் அவருக்குக் கமிஷன் உண்டு. நீங்கள் கட்டிவிட்டதை நிரூபித்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் உங்களை நம்பினாலும் அந்த வரியை அழிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இவர் விட்டாலும் பட்டியல் இன்னொரு ஏஜென்சிக்குப் போகும், கதை முதலிலிருந்து தொடங்கும். ஆகவே உங்கள் வழக்கு அந்த ஆளோடு அல்ல, கடன் கொடுத்தவரின் கணக்கோடு.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பணம் கட்டியதற்கான ஆதாரம் வேறு, கணக்கு முடிந்ததற்கான ஆதாரம் வேறு. வங்கிச் சலானும் ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டும் முதல் வகை. 'நோ டியூஸ்' (பாக்கி இல்லை) சான்று, என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையின்மைச் சான்று, பாக்கி பூஜ்ஜியம் என்று காட்டும் கடன் ஸ்டேட்மென்ட் ஆகியவை இரண்டாம் வகை. முதலாவது மட்டும் கையில் இருக்கிறவர்களைத்தான் வசூல்காரர்கள் திரும்பத் திரும்பத் தேடி வருகிறார்கள்.

போனில் எவ்வளவு பேச வேண்டும்

இரண்டு நிமிடம் போதும். அவரிடமிருந்து வாங்க வேண்டியவை: அவர் பெயர், ஏஜென்சியின் பெயர், எந்த வங்கிக்காக அல்லது நிறுவனத்துக்காகப் பேசுகிறார், கடன் கணக்கு எண், பாக்கி எந்தத் தேதியிலிருந்து. தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அழைப்பைப் பதிவு செய்யுங்கள். நீங்களும் ஒரு தரப்பாக இருந்து பேசும் அழைப்பு அது. பதிவு எந்த போனில் ஆனதோ அந்த போனை மாற்றிவிடாமல் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும், அப்போது மூலக் கருவி எங்கே என்ற கேள்வி வரும்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இந்தக் கடன் கட்டி முடிந்தது. வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்கிறேன். இனி எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்." அதற்கு மேல் போனால் வாய் தவறும்.

எதையெல்லாம் சொல்லக் கூடாது, செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. "ஒரு 500 ரூபாய் போட்டுவிடுங்க சார், கேஸை குளோஸ் பண்ணிடறேன்" என்று கேட்பார்கள். போடாதீர்கள். கடன் வழக்கு தொடர 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக 3 ஆண்டுதான் தருகிறது. அந்தக் காலத்துக்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலும், கையெழுத்திட்ட குறிப்போடு ஒரு பகுதியைக் கட்டினாலும், 18, 19ஆம் பிரிவுகளின்படி 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். காலம் கடந்த கடனாக இருந்தாலும், 'கட்டிவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதை புதிய ஒப்பந்தமாகவே பார்க்கும். "கொஞ்சம் டைம் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டினால்கூட, பாக்கி இருப்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக் காட்டுவார்கள்.

பான், ஆதார், ஓ.டி.பி., புதுக் காசோலை எதையும் ஏஜென்டிடம் கொடுக்க வேண்டாம். கட்டிய ரசீதையும் அவருக்கு வாட்ஸ்அப் செய்ய வேண்டாம். அவர் அதை எங்கும் பதிவு செய்யப் போவதில்லை. ஆனால் உங்கள் கணக்கு எண்ணும் பரிவர்த்தனை எண்ணும் அவர் கையில் போய்விடும்.

பாக்கி எங்கிருந்து முளைத்தது

கடிதம் எழுதுவதற்கு முன் இதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. நிறுவனத்தின் செயலியிலோ இணையதளத்திலோ கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை எடுங்கள், இல்லையென்றால் கிளையில் கேளுங்கள். உங்கள் சேமிப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட் வேறு, கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வேறு; வேண்டியது இரண்டாவது. அதில் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள்.

தனிநபர் கடனில் அடிக்கடி நடப்பது இது. முன்கூட்டியே முடிக்க ஃபோர்குளோஷர் தொகை கேட்கிறீர்கள். கொடுக்கும் கடிதத்தில் ஒரு தேதி வரைதான் அந்தத் தொகை செல்லும். 4 லட்சம் ரூபாய் அசலுக்கு 12 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 131 ரூபாய். மூன்று நாள் தாமதமாகப் பணம் போய்ச் சேர்ந்தால் சுமார் 395 ரூபாய் குறைகிறது. கம்ப்யூட்டர் அதை முழு முடிவாக எடுத்துக்கொள்ளாது. பகுதித் தொகை வந்ததாக வரவு வைத்துவிட்டு கணக்கைத் திறந்தே வைத்திருக்கும். நீங்களோ கடன் முடிந்தது என்று ஈ.எம்.ஐ. பிடித்தம் செய்யும் நாச் அனுமதியை ரத்து செய்திருப்பீர்கள். அடுத்த மாதம் பிடித்தம் ஆகாமல் திரும்பும், பவுன்ஸ் கட்டணம் விழும், அதற்கு ஜி.எஸ்.டி., அபராதம். 395 ரூபாய் ஆயிரங்களாக வளர்ந்து வசூல் பட்டியலுக்குப் போகும்.

கிரெடிட் கார்டில் வேறு மாதிரி. பில்லில் காட்டிய மொத்தத் தொகையைக் கட்டியிருப்பீர்கள். ஆனால் முந்தைய மாதம் பாக்கி வைத்திருந்தால், பில் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரையிலான வட்டி அந்த பில்லில் இருக்காது, அடுத்த பில்லில்தான் வரும். அதோடு வருடக் கட்டணமோ, தானாகப் பிடிக்கும் சந்தாவோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு முடியாது. எழுத்தில் கேட்டு மூட வேண்டும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. மூடச் சொன்ன மின்னஞ்சல் உங்களிடம் இருந்தால், அதற்குப் பிறகு ஏறிய கட்டணங்களை மறுக்க அதுவே போதும்.

செட்டில்மென்ட் செய்தவர்களுக்குத் தனித் தொல்லை. 90,000 ரூபாய் பாக்கியை 40,000க்குப் பேசி முடித்தால், நிறுவனம் 50,000 ரூபாயைத் தள்ளுபடி செய்கிறது. சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். சில ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்த 50,000 ரூபாயைக் கேட்டு வருவார், அல்லது "சிபிலைச் சரி செய்யணும்னா மீதியைக் கட்டுங்க" என்பார். 'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' ஆக்க மீதியைக் கட்டுவது உங்கள் விருப்பம், கட்டாயம் அல்ல. செட்டில்மென்ட் கடிதத்தில் இதுவே முழு இறுதித் தொகை என்ற வாசகம் இருக்கிறதா, நீங்கள் கட்டியது கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள்தானா என்பதைப் பாருங்கள். ஒரு நாள் தாண்டியிருந்தால்கூட, செட்டில்மென்ட் ரத்து என்று வாதிட அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும்.

ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால்? நிறுவனத்தின் அச்சிட்ட ரசீதோ, அவர்களிடமிருந்து வந்த எஸ்.எம்.எஸ். ரசீதோ இருந்தால் கவலையில்லை. தான் நியமித்த வசூல் ஏஜென்ட் செய்ததற்கு வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. ஏஜென்டின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பியிருந்தால் சிக்கல்தான். அவர் அந்த நிறுவனத்தின் சார்பில் கேட்டார் என்பதைக் காட்டும் செய்திகளைச் சேர்த்து நிறுவனத்துக்கும் காவல் நிலையத்துக்கும் சேர்த்தே புகார் கொடுக்க வேண்டும்.

வங்கி தன் வாராக்கடன்களை மொத்தமாக ஒரு சொத்துப் புனரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கலாம். விற்கும்போது போன பட்டியல் பழையதாக இருந்தால், அதற்குள் கட்டி முடித்தவர்களும் அதில் இருப்பார்கள். இங்கே உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு: கடன் கைமாறியது உங்களுக்குத் தெரிவிக்கப்படும் முன்பே பழைய வங்கியிடம் கட்டியிருந்தால், அப்படிக் கட்டியது செல்லும் என்பதே சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. புதிய நிறுவனத்திடம் எப்போது வாங்கினார்கள், உங்களுக்கு எந்தத் தேதியில் தெரிவித்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் அனுப்பும் கடிதத்திலேயே குறைதீர் அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும்.

மற்ற காரணங்கள் சாதாரணமானவை. ஒரே வங்கியில் இரண்டு கடன் இருந்து பணம் தவறான கணக்கில் வரவாகியிருக்கலாம். வங்கி இணைப்பில் கணக்கு எண் மாறியிருக்கலாம். உங்கள் போன் நம்பர் முன்பு வேறொருவரிடம் இருந்திருக்கலாம். இல்லையேல் அழைப்பவர் முழு மோசடிக்காரர். கடன் எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவர், தனிப்பட்ட கியூ.ஆர். குறியீட்டுக்குப் பணம் கேட்கிறவர் இந்த ரகம். உடனே 1930க்கு அழையுங்கள்.

உண்மையிலேயே அந்த 395 ரூபாய் குறைந்திருந்தது என்று தெரிந்தால், அதை மறுத்து வழக்காட வேண்டாம். அந்தத் தொகையையும் அதற்குப் பிறகு ஏறிய கட்டணத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கட்டணங்களை நீக்கி, இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் கடன் கணக்குக்கே நேராகக் கட்டுங்கள்.

ஆதாரங்களைத் தேடுதல்

ஸ்கிரீன்ஷாட்டை வங்கி ஏற்காது. பரிவர்த்தனை எண்ணைத்தான் தேடும். யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். என்றால் 12 இலக்க எண். நெஃப்ட் என்றால் 16 எழுத்தும் எண்ணும் கலந்த யு.டி.ஆர்., ஆர்.டி.ஜி.எஸ். என்றால் 22. காசோலையாகக் கொடுத்திருந்தால் காசோலை எண்ணும் அது பாஸான தேதியும். இவை எல்லாம் உங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கும். செயலியில் பழைய ஆண்டுகள் வராவிட்டால் கிளையில் மனு எழுதிக் கொடுங்கள். பரிவர்த்தனைப் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று பணமோசடித் தடுப்புச் சட்டம் வங்கிகளைக் கட்டாயப்படுத்துகிறது. பழைய ஸ்டேட்மென்டுக்குக் கட்டணம் கேட்பார்கள். கொடுத்து முத்திரையோடு வாங்குங்கள்.

நோ டியூஸ் சான்று தொலைந்திருந்தால் நகல் கேட்கலாம். அது கிடைக்காவிட்டாலும், பாக்கி பூஜ்ஜியம் என்று முடியும் கடன் ஸ்டேட்மென்ட், கடன் முடிந்த அன்று வந்த மின்னஞ்சல், 'குளோஸ்டு' என்று காட்டும் கிரெடிட் அறிக்கை, ஆர்.சி. புத்தகத்தில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதைக் காட்டும் குறிப்பு) ரத்தான பதிவு, திரும்பி வந்த வீட்டுப் பத்திரம் என ஒவ்வொன்றும் கணக்கு முடிந்ததைச் சொல்லும். தன் பாக்கி தீராமல் எந்த வங்கியும் பத்திரத்தைத் திருப்பித் தராது. அந்தத் தருக்கத்தைக் கடிதத்தில் எழுதுங்கள்.

கடிதம்

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்ப வேண்டும். கிளை மேலாளருக்கு மட்டும் கொடுத்தால் மேசையிலேயே தூங்கும். அதிகாரியின் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். தபாலுக்கு ஒப்புகை கேளுங்கள். 2025இலிருந்து பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை, விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்; கவுண்டரில் பதிவு வசதியும் பட்டுவாடா சான்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். மாதிரி இது:

"பொருள்: கடன் கணக்கு எண் ______. முழுவதும் செலுத்தி முடித்த கணக்கில் நடக்கும் வசூல் நடவடிக்கை.

மேற்கண்ட கடனின் இறுதித் தொகை ரூ.______ஐ ______ தேதியன்று ______ மூலம் செலுத்தினேன். பரிவர்த்தனை எண் ______. தங்கள் நிறுவனம் ______ தேதியிட்ட கடிதத்தின் மூலம் கணக்கு முடிந்ததை உறுதி செய்தது. நகல்கள் இணைப்பில்.

இருந்தும் ______ ஏஜென்சியிலிருந்து ______ தேதிகளில், ______ எண்களிலிருந்து ரூ.______ கேட்டு அழைக்கின்றனர். இந்தத் தொகையை நான் முழுமையாக மறுக்கிறேன்.

கடன் தொடங்கிய நாள் முதல் இன்று வரையிலான முழு ஸ்டேட்மென்டையும், கேட்கும் தொகையின் வகைவாரிக் கணக்கையும் தருக. என் கணக்கை வசூல் ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறுக. நோ டியூஸ் சான்று தருக. கிரெடிட் தகவல் நிறுவனங்களுக்குத் தவறாகத் தகவல் போயிருந்தால் திருத்துக. இக்கடிதத்தை முறையான புகாராகப் பதிவு செய்து புகார் எண் தருக."

கடைசி வாக்கியம் முக்கியம். வசூல் ஏஜென்ட்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரல் 24 அன்று அனுப்பிய சுற்றறிக்கை, வாடிக்கையாளர் புகார் நிலுவையில் இருக்கும்போது அதைத் தீர்த்து முடிக்கும் வரை அந்தக் கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்கிறது. வீண் புகார் என்று வங்கியிடம் தக்க ஆதாரம் இருந்தால்தான் விதிவிலக்கு. ஆக புகார் எண் கையில் வந்த பிறகு ஏஜென்ட் அழைத்தால், நீங்கள் சொல்ல வேண்டியது அந்த எண்ணை மட்டும்தான். கிரெடிட் கார்டு என்றால் இன்னொன்றும் உண்டு: தகராறு தீரும் வரை உங்களைத் தவறியவர் என்று சிபிலுக்குச் சொல்லக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. "இந்தக் கடன் காலாவதி ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். கட்டவில்லை என்று ஒப்புக்கொண்டது போலாகும். முதல் வாதம் கட்டி முடித்துவிட்டேன் என்பது. 3 ஆண்டு தாண்டியிருந்தால் அதை 'அது தவிரவும்' என்று இரண்டாவதாகச் சேருங்கள்.

சிபில் பக்கம்

இந்தியாவில் நான்கு கிரெடிட் தகவல் நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றிடமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். நான்கையும் எடுங்கள். ஒன்றில் சரியாக இருந்து மற்றொன்றில் தவறாக இருப்பது சகஜம். அந்தக் கணக்கில் நிலை என்ன, பாக்கி எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் தகவல் வந்தது, எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குத் தெரியாத நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் விற்கப்பட்டிருக்கலாம்.

தவறு இருந்தால் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக 'டிஸ்ப்யூட்' போடலாம். 30 நாளுக்குள் தீராவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் உள்ளது. அந்த 30 நாளில் கடன் கொடுத்தவருக்கு 21 நாள். தாமதம் வங்கியுடையது என்றால் வங்கி தர வேண்டும், தகவல் நிறுவனத்துடையது என்றால் அது தர வேண்டும். 'சிபில் சரி செய்து தருகிறோம்' என்று சுவரில் விளம்பரம் ஒட்டியிருப்பவர்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

30 நாள் கடந்தால் ஓம்புட்ஸ்மன்

நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, தள்ளிப்போடாமல் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். சி.எம்.எஸ். என்ற அதன் புகார்த் தளத்தில் செல்போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யோடு பதிவு செய்ய வேண்டும். இணையம் வராதவர்கள் சண்டிகர் செக்டர் 17இல் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகத்துக்கு 14448, தமிழிலும் பேசுவார்கள். கட்டணம் கிடையாது.

புகார் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னத் தவறுகளால். நிறுவனத்திடம் முதலில் புகார் செய்ததற்கான ஆதாரத்தை இணைக்காதது முதல் தவறு. வக்கீல் பெயரில் புகார் போடுவது இன்னொன்று. இங்கே நீங்களே போட வேண்டும். மூன்றாவது, அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ ஏற்கெனவே வழக்குப் போட்டிருப்பது. எனவே வரிசை முக்கியம்: முதலில் ஓம்புட்ஸ்மன், பிறகுதான் நுகர்வோர் ஆணையம். காவல் நிலையப் புகார் இந்தத் தடைக்குள் வராது; அதை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக் கெடு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

வாசலில் வந்து நின்றால்

அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாதவரோடு பேச்சு வேண்டாம். இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு புகார் எண்ணைச் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்குள் விடவோ, அவர் நீட்டும் 'விசிட் ரிப்போர்ட்'டில் கையெழுத்துப் போடவோ அவசியம் இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுச் சிக்கியவர்கள் உண்டு.

ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. குழுக்கடன் போன்ற நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். மிரட்டுவது, அசிங்கப்படுத்துவது, உறவினர், நண்பர், ஜாமீன் போடாத பரிந்துரையாளர் ஆகியோரைத் தொல்லை செய்வது, பொய்யான தகவல் சொல்லிப் பயமுறுத்துவது எல்லாம் தடை. "போலீஸோடு வருவோம்" என்பது அந்தக் கடைசி வகை. கடன் பாக்கி சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்யாது.

மிரட்டல் எல்லை மீறினால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றமுறு மிரட்டல் 351ஆம் பிரிவு, மிரட்டிப் பணம் பறித்தல் 308, அத்துமீறி நுழைதல் 329. வெறும் 'தொல்லை செய்கிறார்கள்' என்று எழுதினால் 'பேங்க் மேட்டர்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன வார்த்தை, யார் முன்னிலையில் என்று எழுதுங்கள். வட்டிக்கு விடும் தனியார் என்றால் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறது.

நோட்டீஸ் வந்தால்

போனை அலட்சியம் செய்யலாம், நோட்டீஸை அலட்சியம் செய்யக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் 'கைது வாரன்ட்', 'இறுதி லோக் அதாலத் எச்சரிக்கை' எல்லாம் பெரும்பாலும் ஏஜென்சியின் அச்சகத்தில் பிறந்தவை. உண்மையான லோக் அதாலத் அறிவிப்பு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அல்லது வட்ட சட்டப்பணிகள் குழுவிடமிருந்து வரும். சந்தேகமானால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கலாம். இலவச சட்ட உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசத்துக்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சம்மதித்துக் கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது.

காசோலை நோட்டீஸில் நாள் கணக்கு இறுக்கமானது. கடன் வாங்கும்போது கொடுத்த வெற்றுக் காசோலையைத் திரும்ப வாங்காமல் விட்டிருந்தால், அதை வங்கியில் போட்டு பவுன்ஸ் ஆக்கி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் அனுப்புவார்கள். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்: கடன் எப்போது தீர்ந்தது, காசோலை எதற்காகக் கொடுக்கப்பட்டது, கட்டிய ஆதாரம் என்ன. சட்டப்படி தீர்க்க வேண்டிய கடன் இல்லையென்றால் 138 பாயாது. ஆனால் காசோலை கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். அதை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. அந்த 15 நாளில் பேசாமல் இருந்துவிட்டு விசாரணையில் முதன்முறையாக 'கட்டிவிட்டேன்' என்று சொன்னால் எடுபடுவது கடினம்.

நிதி நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் ஆயுதம் மத்தியஸ்த நோட்டீஸ், அதாவது ஆர்பிட்ரேஷன். வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மத்தியஸ்தரை அவர்களே நியமித்து, நீங்கள் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கி, நேராக நிறைவேற்று மனுவுக்குப் போய்விடுவார்கள். ஒரு தரப்பே தனியாக மத்தியஸ்தரை நியமிப்பது செல்லாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. நோட்டீஸ் வந்ததும் நியமனத்தை எதிர்த்தும், கடன் தீர்ந்ததை ஆதாரத்தோடும் எழுதி அனுப்புங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அது கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. சிவில் நீதிமன்றத்தில் எக்ஸ்-பார்ட்டி, அதாவது நீங்கள் வராமலே தீர்ப்பு, ஆகியிருந்தால் அதை நீக்க 30 நாள்.

கைக்கடன், புரோநோட்டு

உள்ளூரில் புரோநோட்டு எழுதி வாங்கிய கடனில் வங்கி விதி எதுவும் உதவாது. கட்டியதும் நோட்டைத் திரும்ப வாங்குவதே வழி. அதைக் கேட்கும் உரிமையை மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 81ஆம் பிரிவு தருகிறது. 'வீட்டில் எங்கேயோ இருக்கு, அப்புறம் தரேன்' என்றால், நோட்டின் தேதி, தொகை, முழுவதும் தீர்ந்தது, நோட்டு கிடைத்தால் செல்லாது என்று எழுதி சாட்சிக் கையெழுத்தோடு வாங்குங்கள். பகுதி பகுதியாகக் கட்டும்போது ஒவ்வொரு முறையும் நோட்டின் பின்புறத்தில் வரவு எழுத வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்து எதுவும் எழுதாமல் விட்ட கடனில்தான், கொடுத்தவர் காலமான பிறகு அவர் பிள்ளைகள் நோட்டோடு வருகிறார்கள்.

அடமானம் இருந்த கடனை முடித்தவர்கள்

வீட்டுக் கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி. பத்திரம் வந்துவிட்டது என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்த ஆவணம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணம் பதிவு செய்து ரத்து செய்யும் வரை வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் அப்படியே நிற்கும். வாகனக் கடனில் நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யோடு கையெழுத்திட்ட படிவம் 35 இரண்டு பிரதி வாங்கி, ஆர்.டி.ஓ.வில் ஹெச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். என்.ஓ.சி.யில் கெடு தேதி அச்சிட்டிருந்தால் அதற்குள் போங்கள், தாண்டினால் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள். இதைச் செய்யாத வண்டிகளைத்தான் பழைய பட்டியலோடு சாலையில் நிறுத்திச் சாவி கேட்கிறார்கள். அப்படி நிறுத்தினால் சாவியைக் கொடுக்காமல் 100க்கு அழையுங்கள், என்.ஓ.சி.யின் நகல் ஒன்று எப்போதும் போனில் இருக்கட்டும்.